தீக்கோழியும் ரோமாபுரிக் காவலர்களும்

கோப்பை நூடுல்ஸைப் பற்றியெல்லாம் இங்கே எழுதுவதா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். உயர்த்தட்டும். அந்தப் புருவங்களோடுதான் எங்களுக்கு வழக்கு.

கொரியாவின் சம்யாங் நிறுவனம் 2012இல் 'புல்டக்' என்ற காரமான நூடுல்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 'புல்' என்றால் நெருப்பு, 'டக்' என்றால் கோழி. (சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் தீக்கோழி என்று வரும். ஆப்பிரிக்காவில் ஓடித் திரியும் அந்த அப்பாவிப் பறவைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.) 2017 இறுதியில் இதன் 'கார்போனாரா' வகை இளஞ்சிவப்பு உறையில் வெளியானது. குறுகிய காலத்துக்கு மட்டும் என்றார்கள். அந்தக் குறுகிய காலம் இன்னும் முடிந்தபாடில்லை. கொரியக் காரம், இத்தாலியப் பெயர், பால்பொடி என மூன்றும் கூடிய இந்தக் கோப்பையை அண்மையில் நாங்கள் நால்வர் உண்டு பார்த்தோம்.

உண்டதைச் சொல்வதற்குமுன், உண்ணாமலேயே தீர்ப்பெழுதுகிறவர்களைக் கொஞ்சம் கவனித்துவிடுகிறோம். "இது கார்போனாராவே அல்ல" என்பது அவர்களது முதலும் முடிவுமான வாதம். முட்டையின் மஞ்சட்கரு எங்கே, பெகொரினோ பாலாடைக்கட்டி எங்கே, பன்றியின் கன்ன இறைச்சி எங்கே என்று கேட்கிறார்கள். இல்லைதான். ஆனால் இவர்கள் இவ்வளவு விசுவாசமாகக் காவல் காக்கும் மூலப்பிரதிதான் எங்கே இருக்கிறது? இந்த உணவின் செய்முறை அச்சில் தட்டுப்படுவதே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950களில்தான். 1954இல் 'லா குசினா இத்தாலியானா' என்ற சமையல் இதழ் வெளியிட்ட செய்முறையில் பூண்டு இருக்கிறது. பெகொரினோ இருக்க வேண்டிய இடத்தில் சுவிட்சர்லாந்தின் குரூயேர் இருக்கிறது. இன்றைய காவலர்கள் கையில் அகப்பட்டால் அந்த இத்தாலிய இதழையே நாடு கடத்தியிருப்பார்கள்! ரோமுக்குள் நுழைந்த அமெரிக்கப் படையினரின் முட்டைப்பொடியும் உப்பிட்ட பன்றி இறைச்சியுமே இதன் பிறப்புக்குக் காரணம் என்று வாதிடுவோர் உண்டு. மறுப்போரும் உண்டு. நூறாண்டுகூட ஆகாத ஒரு மரபுக்கு இத்தனை வாயிற்காப்போர் தேவையா என்பதுதான் எங்கள் கேள்வி.

கோப்பையின் மறுபாதியான கொரியாவின் கதையிலும் அதே படை வந்து நிற்கிறது. போரில் சிதைந்த சோல் நகரத்தின் நம்டேமுன் சந்தையில், அமெரிக்கப் படைமுகாம்களின் எச்சில் மிச்சங்களைக் கொதிக்கவைத்த கஞ்சிக்கு மக்கள் வரிசையில் நின்றதைக் கண்டுதான் சம்யாங்கை நிறுவிய ஜோன் ஜுங்யுன் ஜப்பானிலிருந்து ராம்யோன் செய்யும் நுட்பத்தைப் பெற்றுவந்தார் என்று சொல்லப்படுகிறது. 1963இல் முதல் பொட்டலம் 10 வோன் விலைக்கு வந்தது. அரிசிப் பற்றாக்குறையால் கோதுமை மாவை உண்ணும்படி அரசே வற்புறுத்திய காலம் அது. 1969இல் வாரத்தில் இரண்டு நாட்கள் பகல் வேளையில் உணவகங்கள் அரிசிச்சோறு விற்கக்கூடாது என்று ஆணையே பிறந்தது. ஆக, பசியிலிருந்தும் போர்மிச்சத்திலிருந்தும் கிளம்பிய இரண்டு உணவுகள் ஒரு காகிதக் கோப்பையில் சந்தித்துக்கொள்கின்றன. இதைக் கலப்படம் என்கிறார்கள். மொழிபெயர்ப்பைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் மூலத்துக்குத் துரோகம் என்று முழங்குகிற குரலை நம் வாசகர்கள் நன்கறிவார்கள். அதே குரல்தான் இதுவும்.

இரண்டாம் தரப்பு இன்னும் மோசம். 2014 வாக்கில் கிளம்பிய 'சவால்' காணொளிகளின் வாரிசுகள் இவர்கள். வியர்க்க விறுவிறுக்க அழுது, பாலைக் குடித்து, கேமரா முன் நாக்கை நீட்டுவதுதான் விமர்சனம் என்றாகிவிட்டது. 2024 ஜூனில் டென்மார்க் அரசு மூன்று புல்டக் வகைகளை, காரம் அளவுமீறியது என்று சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொன்னபோது இவர்களுக்குக் கொண்டாட்டம். அடுத்த மாதமே அவற்றுள் இரண்டுக்குத் தடை நீங்கியதை எத்தனை பேர் சொன்னார்கள்? உணவை வீரவிளையாட்டாக்கியபின் அங்கே நாக்குக்கு வேலையில்லை.

சரி, சுவைக்கு வருவோம். கோட்டளவு கொதிநீர் ஊற்றி நான்கு நிமிடம் பொறுத்து, நீரை வடிக்க வேண்டும். முழுதும் வடித்தால் பொடி திட்டுத்திட்டாக ஒட்டும்; இரண்டு மூன்று கரண்டி நீர் உள்ளே நிற்கட்டும். செங்கருமை நிறச் சாற்றை முதலில் கலந்து, பிறகு பொடியைத் தூவிக் கிளறினால் செம்மை வெளுத்து, செங்கல்லைப் பாலில் கரைத்தாற்போல் ஒரு நிறம். மணம் பால்மாவு டப்பாவைத் திறந்த மணம். முதல் வாயில் இனிப்பு, அதன் பின்னால் பூண்டும் வெண்ணெயும். விழுங்கியபின்தான் காரம் வருகிறது. நம் பச்சைமிளகாய்போல் நுனிநாக்கில் குத்துவதில்லை. உதட்டோரத்தில் உட்கார்ந்துகொண்டு மெல்ல வளர்கிறது. பால் அதை அணைப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதம்தான் இந்தக் கோப்பையின் கண்டுபிடிப்பு என்போம். நூடுல்ஸ் தடித்தது, பல்லுக்கு எதிர்ப்புக் காட்டுவது, கடைசிவரை குழையவில்லை.

குறைகளும் உண்டு. பாலாடைக்கட்டி வெறும் வதந்தி. கார்போனாரா என்றால் நியாயமாக எதிர்பார்க்க வேண்டிய மிளகு தேடினாலும் தட்டுப்படவில்லை. பாதிக்குமேல் இனிப்பு திகட்டுகிறது. எங்களில் ஒருவர் கோப்பையை வைத்துவிட்டது அதனால்தான், காரத்தால் அல்ல. உப்பும் அதிகம், அன்றாடம் உண்ணத்தக்கதென்று நாங்கள் சொல்லமாட்டோம்.

ஆனால் அன்றாடம் உண்கிறவர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பாருக்கும் கண்ணில் படாதவர்கள் அவர்கள்தாம். கொரியாவின் சிறுகடைகளில் வெந்நீர்க் குழாயருகே நின்றபடியே உண்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு அந்த நான்கு நிமிடம் சவாலுமல்ல, ரோமுமல்ல. கிடைத்த ஓய்வே அவ்வளவுதான். 2016 மே 28 அன்று சோலின் குயி ரயில் நிலையத்தில், இருவர் செய்ய வேண்டிய வேலையைத் தனியாகச் செய்தபடி நடைமேடைக் கதவைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த 19 வயது ஒப்பந்தத் தொழிலாளி ரயில் மோதி இறந்தார். அவரது பையில் கருவிகளுக்கிடையே மரக்குச்சிகளும், ஒரு கரண்டியும், பிரிக்கப்படாத ஒரு கோப்பை ராம்யோனும் இருந்தன. அஞ்சலி செலுத்த வந்தவர்கள் அந்தக் கதவெங்கும் துண்டுச்சீட்டுகளை ஒட்டினார்கள். கீழே பூக்களோடு அவர்கள் வைத்துச் சென்றவற்றில் கோப்பை ராம்யோன்களும் இருந்தன.