பட்டன் பெரிதானால் போதுமா?

போடிநாயக்கனூரில் என் அக்காள் வீடு. அத்தானுக்கு ஏலக்காய்த் தோட்டம் உண்டு. தோட்டம் மலைக்கு மேலே, கேரள எல்லைக்கு அப்பால் இருக்கிறது. போய்வர ஒரு ஜீப் வைத்திருக்கிறார். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்.

போன ஆண்டு அதற்குப் புது டயர் போட்டார். சாதாரண டயர் அல்ல. "மட் டயர்"! சேற்றில் ஓடுவதற்கென்றே செய்த டயர். பட்டன் ஒவ்வொன்றும் வெல்லக்கட்டி மாதிரி இருந்தது. தெருப் பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி மாதம் வந்தது. நல்ல மழை. அக்காளும் இரண்டு குழந்தைகளும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். போடிமெட்டு மலைப் பாதையில் ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டது. அத்தான் பிரேக்கை மிதித்தார்.

ஜீப் நிற்கவில்லை! வழுக்கிக்கொண்டே போய், ஓரச் சுவரை உரசிய பிறகுதான் நின்றது.

நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஆனால் அன்று இரவு அக்காள் சாப்பிடவில்லை.

"புது டயர்தானே, மாப்பிள்ளை! ஏன் வழுக்கியது?" என்று அத்தான் என்னைக் கேட்டார்.

ஏன் வழுக்கியது?

மட் டயரில் பட்டன்கள் பெரியவை. பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே இடைவெளி அதிகம். சேற்றில் இறங்கினால் அந்த இடைவெளியில் சேறு புகும். சக்கரம் சுற்றும் வேகத்தில் சேறு வெளியே தெறித்துவிடும். பட்டன் மறுபடியும் தரையைக் கவ்வும். அதனால்தான் சேற்றில் அது ராஜா!

தார் ரோட்டில் கதை வேறு. இடைவெளி அதிகம் என்றால் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு என்றுதானே அர்த்தம்? மழையில் நனைந்த தார் ரோட்டில் பிடிப்பு குறைகிறது. பிரேக் போட்டால் நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும். போதாததற்கு ஊ ஊ என்று சத்தம் வேறு. டயர் சீக்கிரம் தேயும். டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கிறது என்றால், ஏறுவதற்குத்தான் உதவும். நிறுத்துவதற்கு உதவாது. எந்தக் காராக இருந்தாலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. இது தெரியாமல், ஜீப்தானே என்று மழையில் விரட்டுகிறவர்கள் பலர்.

இன்னொரு டயர்

"ஆல் டெர்ரெயின்" என்று ஒரு டயர் இருக்கிறது. எல்லாத் தரைக்கும் ஏற்றது என்று பொருள். இதில் பட்டன்கள் நெருக்கமாக இருக்கும். பட்டன்மேல் கத்தியால் கீறியது போல மெல்லிய கீறல்கள் இருக்கும். ஈர ரோட்டைப் பிடிப்பவை அந்தக் கீறல்கள்தான். தார் ரோடு, சரளைக் கல், காய்ந்த மண் பாதை எல்லாவற்றிலும் ஓடும்.

குறை இல்லாமல் இல்லை. முழங்கால் சேற்றில் இறங்கினால் இடைவெளியில் சேறு அடைத்துக்கொள்ளும். அப்புறம் அதுவும் மொட்டை டயரும் ஒன்றுதான்.

என் அபிப்பிராயம்

அத்தானிடம் ஒரு கணக்குப் போடச் சொன்னேன். பத்துக் கிலோமீட்டர் ஓடினால், அதில் தார் ரோடு எவ்வளவு? அவர் விரல் விட்டு எண்ணினார். "ஒன்பது" என்றார். மிச்சம் ஒன்றுக்காகத்தான் அந்தப் பெரிய பட்டன்! அந்த ஒன்றிலும் சேறு இருப்பது மழைக் காலத்தில் மட்டும். அந்தச் சில நாளைக்குச் சக்கரத்தில் இரும்புச் சங்கிலி சுற்றிக்கொள்ளலாம். தார் ரோட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும்.

குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தார் ரோட்டில் போகிறவர்களுக்கு ஆல் டெர்ரெயின்தான் சரி. அழகுக்காக மட் டயர் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தினமும் சேற்றுப் பாதையிலேயே கிடக்கும் தோட்டத்து ஜீப் என்றால் விஷயம் வேறு. நடுக்காட்டில் புதைந்து நின்றால் யார் வந்து தூக்குவது?

சிலர் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று மாற்றிப் போடுகிறார்கள். கூடாது! அளவு சிறிது மாறினாலும், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது கியர் பெட்டி கெடும்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் பாருங்கள். நான்கு எண்கள் இருக்கும். 2324 என்று இருந்தால், 2024-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. பழைய சரக்கைப் புதிது என்று கொடுத்தால் இதிலேயே தெரிந்துவிடும். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால், சட்டப்படியே அந்த டயர் ஓடக்கூடாது.

அத்தான் டயரை மாற்றிவிட்டார். அந்த மட் டயர்களை, மேலே தோட்டத்திலேயே ஜீப் ஓட்டும் ஒரு டிரைவர் வாங்கிக்கொண்டார். "இத்தனை நாள் இதைத்தான் தேடினேன்" என்றாராம் அவர்!