வீடு புதுக்குவோர் சிந்தனைக்கு

தைப்பொங்கல் அணுகுங்கால் வீட்டுக்கு வெள்ளையடித்து, ஒட்டடை நீக்கி, முற்றம் மெழுகிப் புதுமை செய்யும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவி வருவது. இக்காலத்திலோ அந்த அளவில் நில்லாது, இல்லத்தின் உறுப்புக்களையே மாற்றியமைக்கும் வேட்கை மிகுந்துள்ளது. நடுமுற்றத்துக்கு மூடி, திண்ணைக்குக் கண்ணாடி, சுவருக்குப் பல வண்ணம், நிலத்துக்கு வழுக்கும் மாபிள் என வேலை வளர்ந்துகொண்டே போகின்றது. கைத்தொலைபேசியிலே ஒரு படத்தைக் காட்டி, “இப்படியே செய்து தாரும்” என்று மேசனிடம் கூறுவோரை ஊர்தோறும் காண்கின்றோம். அத்தகைய படமொன்றை நாமும் வாங்கிப் பார்த்ததுண்டு. அழகான அறைதான். ஆயின், அதனுள்ளே மனிதர் ஒருவரையேனும் காணோம்.

புதுமை வேண்டா என்பது எமது கருத்தன்று. நம் வீடுகள் ஒருபொழுதும் மாறாதிருந்தவையல்ல. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், குசினி, விறாந்தை, வாங்கு என நாள்தோறும் நாம் வழங்கும் சொற்கள் யாவும் போர்த்துக்கேயர் வழியாக வந்தவை. 1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசைக் கைக்கொண்ட அவர்கள், 1658ஆம் ஆண்டிலே அதனை ஒல்லாந்தரிடம் இழந்து அகன்றனர். அவர்தம் ஆட்சி நாற்பது ஆண்டும் நிறையவில்லை. அவர் தந்த கதிரையோ இன்றும் நம் விறாந்தையிலே இருக்கின்றது. கதிரையை ஏற்ற நம் முன்னோர் பாயைச் சுருட்டி எறிந்தாரல்லர். விறாந்தை என்ற சொல்லைக் கொண்டோர் திண்ணை என்ற சொல்லை மறந்தாரல்லர். திசைச்சொல்லுக்கும் இடங்கொடுத்த நம் இலக்கண நூலாரைப்போல, வந்ததை உள்ளதனோடு பொருத்திக்கொண்டனர்.

இன்று நிகழ்வது அதனின் வேறானது. நாற்சார் வீட்டை எடுத்துக்கொள்வோம். நாற்புறமும் தாழ்வாரமும் அறைகளும் சூழ, நடுவே வானம் பார்த்த முற்றம் அமைந்தது அவ்வீடு. அம்முற்றத்தை வீணான வெளியென்று கருதுவோர் அதன் தொழிலை அறியாதவர். அகத்தே சூடேறிய காற்று மேலெழுந்து செல்லுதற்கு அதுவே வாயில்; சூழவுள்ள அறைகளுக்கு வெளிச்சமும் அதன் வழியே. நெல் காய்வதும், ஒடியல் காய்வதும், பிள்ளைகள் நிலவிலே சோறுண்பதும் அங்கேதான். மாரியிலே நான்கு கூரைகளின் இறவாரத்து நீரும் அதனுள் வீழும். நமது குடாநாட்டுக்கு வற்றாத ஆறில்லை. சுண்ணக்கற்பாறையினூடே ஊறித் தேங்கும் மழைநீரையே நம் கிணறுகள் தருகின்றன. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை ஓய்ந்தபின், வரும் கோடை முழுவதற்கும் அந்த ஊற்றே பெருந்துணை. முற்றத்தையும் வளவையும் சீமெந்தால் மூடி, விழுந்த மழையைக் குழாய்வழியே வீதி வாய்க்காலுக்கு அனுப்பிவிட்டு, ஆடியிலே கிணறு வற்றிற்றென்று வருந்துவோர்க்கு யாம் என்ன மறுமொழி கூறுவது? மட்டமான கொங்கிறீற்றுக் கூரையோ பகல் வெயிலை வாங்கி வைத்திருந்து இரவிலே கீழே விடுகின்றது. பிறகு மின்விசிறி, அதற்கும் பிறகு குளிரூட்டி. மின்கட்டணச் சீட்டு வந்த பின்னரே நடுமுற்றத்தின் விலை பலர்க்குத் தெரிகின்றது.

இதிலொரு வேடிக்கையும் உண்டு. 1960களின் தொடக்கத்திலே, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, பத்திக் கலைஞரான எனா டி சில்வா அம்மையார்க்குக் கொழும்பு நகரத்துக் காணியொன்றிலே வீடமைத்தபோது, நடுவே பெருமுற்றம் வைத்து, அதனைச் சுற்றியே அறைகளையும் தாழ்வாரங்களையும் வகுத்தார். பழைய முறையைப் புதிய வாழ்வுக்கு இசைவித்த அவ்வீடு பெரும்புகழ் பெற்றது. பிற்காலத்தில் அந்தக் காணி கைமாறியபோது, வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றிச் சென்று, பெந்தோட்டையை அடுத்த லுணுகங்கையிலே மீள நிறுவினர். ஒரு முற்றத்தைக் காத்தற்பொருட்டு ஆங்கே இத்துணை பாடு! ஈங்கு நாம், போரிலே ஓடும் தீராந்தியும் இழந்தும் சுவர் வீழாது நின்ற நாற்சார் வீடுகளைப் புதுக்கும் பெயரால் இடித்துக்கொண்டிருக்கின்றோம்.

இனித் திண்ணையைப் பற்றிச் சிறிது விரித்தே கூறல் வேண்டும். தமிழாசிரியர்க்கு அதன்மேல் ஒரு கடனுண்டு. கல்லூரிகள் தோன்றுமுன் தமிழ் வளர்ந்த இடம் அது. ஆசிரியர் திண்ணையிலிருந்து நிகண்டும் நன்னூலும் சொல்ல, மாணாக்கர் மணலிலே எழுத்துப் பழகினர். வாயிலிலே சங்கடப்படலைக்குக் கூரையிட்டு, இருமருங்கும் இருக்கை வைத்தவர் நம்மவர். பருத்தித்துறைத் தெருமூடி மடமோ வீதிக்கே கூரையிட்டது. யாரென்று அறியாதாரும் சற்று இளைப்பாறிப் போக இடம்வைத்துக் கட்டியது நம் கட்டடக்கலை. திண்ணையோடு நிறுத்தப்பட்டோரும், அதில் அமரவும் விடப்படாதோரும் நம்மிடையே இருந்தனர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. திண்ணையைப் பேணுவோர் அந்த இழுக்கையும் உடன்சேர்த்துப் பேணவேண்டுவதில்லை.

சில மாதங்களுக்கு முன்னர், முதலாழ்வார் மூவரும் திருக்கோவலூரிலே மழையிரவொன்றில் சந்தித்த வரலாற்றை வகுப்பிலே கூறினோம். ஒருவர் படுக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவுமே இடங்கொண்ட இடைகழியைப் பற்றிச் சொல்லுங்கால் ஒரு மாணவி எழுந்து, “ஐயா, இடைகழி வீட்டில் எந்த இடம்?” என்று வினவினாள். வாயிலுக்கும் உள்வீட்டுக்கும் இடையேயுள்ள நடை என்றோம். “எங்கள் வீட்டிலே கதவைத் திறந்தால் தொலைக்காட்சிதான் இருக்கிறது” என்றாள். வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். நெடுநல்வாடையிலே சிற்பநூல் வல்லோர் கோல்களின் நிழல்கொண்டு திசையறிந்து, நூலிட்டு மனை வகுக்கும் பகுதியை நடத்தும்போது எமக்கு இவ்விடர் நேர்ந்ததில்லை. மேசன் நூல் கட்டுவதை அப்பிள்ளைகள் கண்டிருக்கின்றனர். கண்ணாற் காணாத முன்றிலையும் தெற்றியையும் இடைகழியையும் அகராதி கொண்டு எத்தனை நாள் ஊட்டுவது?

வீடு புதுக்கும் வேலையிலே முதலில் வெளியேற்றப்படுவது பழைய புத்தக அலுமாரி. வண்ணப் பூச்சுக்கு அது பொருந்தாதாம். அதனுள் இருப்பன பாட்டனார் கையெழுத்திட்ட நூல்கள், மட்டையிழந்த சஞ்சிகைகள், சில வீடுகளில் ஓலைச்சுவடிகள். 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1995ஆம் ஆண்டு வலிகாமத்தைவிட்டு மக்கள் ஒருங்கே பெயர்ந்தபோது வீட்டு நூல்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. தீக்கும் மழைக்கும் கறையானுக்கும் தப்பியவற்றை நாமே பழந்தாள் வாங்குவோரிடம் நிறுத்து விற்கலாமா? நூலக நிறுவனத்தார் 2005ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப் படியெடுத்து யாவரும் படிக்க இணையத்திலே வைத்து வருகின்றனர். அலுமாரியைக் காலி செய்வோர் முதலில் அவர்களுக்கேனும், ஊர்ப் பாடசாலைத் தமிழாசிரியர்க்கேனும் அதனைக் காட்டுக. அதைவிட நன்று, வரவேற்பறையிலே அலங்காரப் பொம்மைக்கு ஒதுக்கும் சுவரை அந்நூல்களுக்கு ஒதுக்குதல்.

இவ்வளவும் கூறிய யாம் குற்றமற்றவரல்லேம். நான்காண்டின் முன், வீதிப்புழுதி உள்ளே வருகின்றதென்று வீட்டார் சொல்ல, எமது வீட்டுத் திண்ணைக்கு இரும்புக் கம்பியும் கண்ணாடியும் இட்டு அறையாக்கினோம். பார்ப்போர் மெச்சினர். எம் அன்னையார் காலையும் மாலையும் அத்திண்ணையிலிருந்தே சுளகிலே அரிசி கொழிப்பார், கீரை ஆய்வார். சந்தைக்குப் போவோரும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் ஒரு சொல் பேசாது அவரைக் கடந்ததில்லை. கண்ணாடி வந்தபின் சில நாள் அவ்வறையிலே சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்தார். பிறகு எழுந்து கிணற்றடிப் பக்கம் போய், குசினி வாசலிலே பலகையிட்டு அமரலானார். காரணம் கேட்டோம். “தம்பி, உதுக்குள்ளே வெளிச்சம் வருகுது, ஆக்கள் வருகினமில்லை” என்றார்.

அவர்க்கு இப்பொழுது வயது எண்பத்துமூன்று. தை பிறந்ததும் வரும்படி மேசனிடம் சொல்லியிருக்கின்றோம். கண்ணாடியைக் கழற்றுதல் எளிதென்றும், முன்னே இடித்த திண்ணைக்கட்டை மீளக் கட்டவே இரண்டு நாள் செல்லுமென்றும் அவர் கூறுகின்றார்.