'வாட்டர்புரூப்' என்றால் போதுமா?



பள்ளி விடுமுறை வந்தால் முன்பெல்லாம் பிள்ளைகள் போர்ட்டிக்சன் கடற்கரையில் கால் நனைத்துவிட்டு வருவார்கள். இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் பயிலும் நம் முன்னாள் மாணவர்கள் சிலர் பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகளுக்கு முக்குளிப்புப் பயிற்சிக்கே செல்கின்றனர். மகிழ்ச்சிதான். ஆனால், பயிற்சிக் கட்டணத்துக்கும் உடைக்கும் தயங்காமல் செலவிடும் பெற்றோர், கைவிளக்கை மட்டும் பாசார் மாலாமில் வாங்கிக் கொடுத்துவிடுகின்றனர்.

நானும் அதைத்தான் செய்தேன். விலை 35 ரிங்கிட். உறையில் 'வாட்டர்புரூப்' என்று பெரிய எழுத்து. இரவு முக்குளிப்பில், 11 மீட்டர் ஆழத்தில், என் மகன் கையிலேயே அது அணைந்துவிட்டது. நல்லவேளையாகப் பயிற்றுநர் அருகிலேயே இருந்தார். அவரிடம் இரண்டாவது விளக்கும் இருந்தது. கரையேறித் திறந்து பார்த்தால் மின்கலங்கள் உப்புநீரில் ஊறிக் கிடந்தன.

மொழி கற்பிப்பவன் நான். அந்த ஒற்றைச் சொல்லைக் கேள்வி கேட்காமல் விட்டது என் பிழை. எவ்வளவு ஆழத்துக்கு நீர் புகாது? எவ்வளவு நேரத்துக்கு? ஐபிஎக்ஸ்7 என்னும் குறியீடு, 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதையே குறிக்கும். ஐபிஎக்ஸ்8 அதற்கும் மேலானது. ஆனால் எவ்வளவு மேல் என்பதைத் தயாரிப்பாளரே அறிவிக்க வேண்டும். 2 மீட்டர் என்று அறிவித்தாலும் அது ஐபிஎக்ஸ்8தான்! கடலிலோ ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. தொடக்கநிலை முக்குளிப்பாளரின் எல்லையான 18 மீட்டரில், மேற்பரப்பைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு அழுத்தம். ஆகவே, தாங்கும் ஆழத்தை மீட்டரில் அச்சிடாத விளக்கை வாங்காதீர்கள். 100 மீட்டர் என்று குறித்தவை முக்குளிப்புக் கடைகளில் எளிதாகவே கிடைக்கின்றன.

அடுத்துப் பார்க்க வேண்டியது விசை. காந்தத்தால் இயங்கும் விசையை நான் விரும்புகிறேன். அதற்காக விளக்கின் உடலில் துளையிட வேண்டியதில்லை. தலையைத் திருகி எரியவிடும் வகையும் நல்லதே, ஆனால் அளவுக்கு மீறித் தளர்த்திவிட்டால் நீர் புகுந்துவிடும். எந்த வகையானாலும் உள்ளிருக்கும் இரப்பர் வளையமே காவல். அதில் ஒரு தலைமுடியோ மணலோ ஒட்டியிருந்தால் போதும், விளக்கு போயிற்று. துடைத்து, சிலிக்கோன் பசையை மெல்லியதாகத் தடவி மூடுவதைப் பிள்ளையே செய்து பழகட்டும்.

கடைக்காரர் முதலில் பேசும் லூமன் கணக்கு எனக்குக் கடைசிக் கேள்விதான். கலங்கிய நீரில் அகன்ற பேரொளி, மிதக்கும் துகள்களில் பட்டுத் தெறித்துக் கண்ணையே மறைக்கும். மூடுபனியில் காரின் உயர்விளக்கைப் போட்டதுபோல. குறுகிய ஒளிக்கற்றையே புதியவர்களுக்கு ஏற்றது. வட்டமிட்டால் 'நலம்', இடவலமாக வேகமாக ஆட்டினால் 'ஆபத்து' என்று இருளில் பேசவும் அதுவே உதவும்.

இரவில் இறங்குபவரிடம் இரண்டு விளக்குகள் இருந்தாக வேண்டும். ஒன்றுக்குத்தான் பணம் உண்டு என்றால் மற்றொன்றை வாடகைக்கு எடுங்கள். அதுவும் இயலாவிட்டால், இவ்வாண்டு பகலில் மட்டும் இறங்கு என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன். மகன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.