‘இளைச்சுப் போயிட்டியே’: எடை குறைக்கத் தொடங்குபவருக்கு மொழி தரும் முதல் தடை

மெலிந்துவிட்ட ஒருவரைப் பார்த்துத் தமிழர் சொல்லும் முதல் வாக்கியம் பாராட்டன்று, விசாரிப்பு. “ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே? உடம்புக்கு என்ன?” இளைத்தலோடு ‘போ’ என்னும் துணைவினை சேர்ந்துகொள்வது கவனிக்கத்தக்கது. கெட்டுப்போ, உடைந்துபோ, நொந்துபோ, செத்துப்போ என இழப்பைக் குறிக்கும் வினைகளோடு வருவது அதே ‘போ’. எதிர்த்திசையில் சதை பிடித்தவரைக் குறித்து ‘உடம்பு தேறி வருகிறது’ என்பார்கள். நோய் நீங்குவதையும் எடை கூடுவதையும் தமிழர் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறார்கள். ‘பூசினாற்போல் இருக்கிறாள்’ என்பது பெண்ணைப் பற்றிய நற்சான்று. திருக்குறளின் 124-ஆம் அதிகாரமான ‘உறுப்புநலன் அழிதல்’ முழுவதும் பிரிவால் உடல் மெலிவதன் துயரம்தான். சங்க அகப்பாடல்களில் தலைவியின் கைவளை நெகிழ்ந்து வீழ்வது அவள் நலிவுக்கு அடையாளமே ஒழிய நலத்திற்கு அன்று.

திருவனந்தபுரத்தின் வலியசாலையில் இது இரட்டிப்பாகிறது. காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டிய அக்கிரகாரத் தெருக்களில் வீட்டுக்குள் தமிழும் வாசலைத் தாண்டினால் மலையாளமும் பேசப்படுகின்றன. மலையாளத்தில் எடை கூடியவரைப் பார்த்து ‘நன்னாயிட்டுண்டல்லோ’ என்பது வழக்கம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நன்றாக ஆகியிருக்கிறீர்களே’ என்று பொருள். எடை குறைந்தவரிடம் ‘க்ஷீணிச்சு போயல்லோ’ என்பார்கள். க்ஷீணம் என்றால் தளர்ச்சி, நலிவு. இந்தச் சொல் வலியசாலைத் தமிழிலும் புகுந்து, “என்ன மாமி, இப்படி க்ஷீணிச்சுப் போயிட்டேள்?” என்று அக்கறையாக வெளிப்படுகிறது. மருத்துவர் சொன்னதன் பேரில் ஆறு மாதம் பாடுபட்டு எட்டு கிலோ குறைத்த ஒருவருக்கு ஊர் தரும் முதல் பரிசு இந்தக் கேள்விதான். அவர் மொழியில் ஒருபோதும் ‘நன்னாகவில்லை’. இரு மொழிகளிலும் நலிந்துதான் போயிருக்கிறார்.

இதைப் பேசுபவரின் குறையாகக் கொள்வது தவறு. பசியின் நினைவு மொழியில் தங்கியிருக்கிறது. 1876–78-இல் சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சத்தில் மெலிந்த உடலுக்கு ஒரே பொருள்தான் இருந்தது. திருவிதாங்கூரிலும் 1942-இல் பர்மா அரிசியின் வரவு நின்றபின் மரவள்ளிக் கிழங்கை நம்பிக் குடும்பங்கள் நாள்களை ஓட்டின. அந்தத் தலைமுறையின் பேத்திகளே இன்று வலியசாலையில் பாட்டிகளாக இருக்கிறார்கள். (காந்தளூர்ச் சாலையைப் பற்றிய சோழர் மெய்க்கீர்த்தித் தொடரில் வரும் ‘கலம்’ மரக்கலமா உண்கலமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடியிருக்கிறார்கள். உண்பதும் ஊட்டுவதும் அந்த ஊரின் பெயராராய்ச்சிக்குள்ளேயே புகுந்திருப்பது தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல்.)

ஆனால் நிலைமை மாறிவிட்டது, சொற்கள் மாறவில்லை. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள், தமிழ்நாட்டில் 40.4 விழுக்காட்டினர். இந்தக் கணக்கு உடல் நிறைக் குறியீடு 25-ஐ எல்லையாகக் கொண்டது. இந்தியருக்கு 23-இலேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்னும் மருத்துவர் பரிந்துரையைக் கொண்டு அளந்தால் எண்ணிக்கை இன்னும் உயரும். 95 அல்லது 100 கிலோவில் தொடங்கி இருபது, முப்பது கிலோ குறைக்க வேண்டியவர்கள் இக்கூட்டத்தில் குறைவல்லர். அவர்களிடம் ஊர் சொல்லும் இன்னொரு வாக்கியம், “மனசு வெச்சா முடியும்.”

எல்லாப் பொறுப்பையும் ஒருவரின் மனத்துக்குள் தள்ளிப் பூட்டிவிடுவதுதான் இந்த வாக்கியத்தின் சிக்கல். ஊக்கம் உள்ளிருந்து ஊறும் ஒன்று, அது வற்றினால் குற்றம் அவருடையது என்பது இதன் உட்கிடை. எடை குறைப்பின் வரலாறு இதற்கு நேர்மாறானதைக் காட்டுகிறது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நைடெட்ச் என்னும் இல்லத்தரசி 1961-இல் 214 பவுண்டு, அதாவது 97 கிலோ இருந்தார். நகரச் சுகாதாரத் துறை நடத்திய உடற்பருமன் மருத்துவமனைக்குச் சென்று ஓர் உணவுத் திட்டத்தையும் பெற்றார். திட்டத்தில் குறையில்லை. மறைத்துவைத்துத் தின்ற பிஸ்கட்டுகளைப் பற்றி அங்கே வாய்திறக்க முடியவில்லை என்பதுதான் குறை. ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்து அதைச் சொன்னார். அவர்களும் தத்தம் கதையைச் சொன்னார்கள். வாரந்தோறும் கூடினார்கள். மறு ஆண்டுக்குள் அவர் எடை 142 பவுண்டானது. 1963-இல் அக்கூட்டம் ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்னும் நிறுவனமாகி, பின்னர் பெருவணிகமாகவும் ஆயிற்று. வணிகத்தைப் பற்றி ஐயப்பட எவ்வளவோ உண்டு. ஆயினும் அந்த வரவேற்பறையில் நடந்ததை மறுக்க முடியாது. உணவுத் தாள் மாறவில்லை, அதைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தார்கள்.

வலியசாலைக்காரர் இதற்காக நியூயார்க் வரை போக வேண்டியதில்லை. நகரத்திற்குத் தெற்கே, அதே மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் ‘கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம்’ என்னும் ஆய்வு நடந்திருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தைச் சேர்ந்த கே. ஆர். தங்கப்பனும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் உட்பட்ட குழு அதை நடத்தி 2018-இல் முடிவுகளை வெளியிட்டது. 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து, நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுந்த 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 1007 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குக் கையேடு மட்டும் கிடைத்தது. மற்றப் பிரிவினர் தத்தம் ஊரிலேயே குழுவாகி ஓராண்டில் 15 முறை கூடினர். பெரும்பாலான கூட்டங்களை நடத்தியவர் மருத்துவரோ உணவியலாளரோ அல்லர். குழுவுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற அண்டை அயலார். எங்கே நடக்கலாம், யார் யாரோடு நடக்கலாம், கல்யாண வீட்டில் என்ன செய்வது என்பவற்றை ஒருவருக்கொருவர் பேசித் தீர்த்துக்கொள்வதற்கான அமைப்பு அது.

முடிவுகளைக் கூட்டாமல் சொல்ல வேண்டும். இரண்டாண்டுகளுக்குப் பின் கையேட்டுப் பிரிவில் 17.1 விழுக்காட்டினருக்கும் குழுப் பிரிவில் 14.9 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இவ்வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதன்று. ஆனால் குழுவினரின் நீரிழிவு இடர் மதிப்பெண் கூடுதலாகக் குறைந்தது, மதுப்பழக்கம் குறைந்தது, காய்கனி உண்பது கூடியது, உடல் இயங்கும் திறன் மேம்பட்டது. குழு ஒரு மந்திரமன்று என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று வேண்டியதில்லை. நீரிழிவு எண்ணிக்கையை மட்டும் பார்த்து ‘பயனில்லை’ என்று கைகழுவுவோர் ஒன்றை மறக்கிறார்கள்: தட்டிலும் நடையிலும் ஏற்பட்ட அந்த மாற்றங்களை உண்டாக்கியது பக்கத்து வீட்டாரின் பேச்சு. பெரும் எடையோடு தொடங்குபவருக்கு முதல் ஆறு மாதத்தில் தேவைப்படுவதும் அதுதான். கிலோக் கணக்கு பிறகு.

கிலோவை மட்டும் ஊக்கத்தின் அளவுகோலாக்குவது எவ்வளவு தவறு என்பதைச் சென்னையில் அ. ராமச்சந்திரன் குழு செய்த இரு ஆய்வுகள் காட்டுகின்றன. 2006-இல் வெளியான முதல் ஆய்வில் 531 பேர் இருந்தனர். அனைவரும் நீரிழிவின் வாசலில் நின்றவர்கள். மூன்றாண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் உழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39.3 விழுக்காடு. இத்தனைக்கும் அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. 2013-இல் வெளியான இரண்டாம் ஆய்வு மொழியில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இன்னும் சுவையானது. 537 ஆண்களில் ஒரு பாதிக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்திகள் மட்டும் தொடர்ந்து அனுப்பப்பட்டன. மாற்றத்திற்கு அவர் எந்த அளவு அணியமாக இருக்கிறார் என்பதற்கேற்பச் செய்தியின் உள்ளடக்கம் அமைந்தது. இரண்டாண்டு முடிவில் செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு. இங்கும் எடையில் பெரிய வேறுபாடு இல்லை. சில வரிச் சொற்கள், உரியவருக்கு உரிய நேரத்தில் சென்றதால் நோய் தள்ளிப்போயிற்று. அதைத் தராசு காட்டவில்லை. தராசு முள் அசையவில்லை என்று இரண்டாம் மாதத்திலேயே விட்டுவிடுவோர்க்கு இவ்விரு ஆய்வுகளையும் யாரேனும் எளிய தமிழில் சொல்லியிருக்க வேண்டும்.

பழித்தல் ஊக்கம் தரும் என்னும் நம்பிக்கை இன்னும் சாகவில்லை. ‘குண்டு’ என்பது தமிழ்த் திரையின் நகைச்சுவைக்கு மலிவான மூலப்பொருள். குண்டு கல்யாணம் என்று அடைமொழியே பெயரின் பகுதியானதும் உண்டு. வீடுகளில் அது ‘நல்லதுக்குத்தானே சொல்றேன்’ என்னும் உறையில் வருகிறது. இங்கிலாந்தில் 2944 பேரைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியான ஆய்வொன்றில், எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் நான்காண்டுகளில் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ கூடியிருந்தார்கள். அவ்வாறு நடத்தப்படாதவர்கள் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இழந்திருந்தார்கள். பழித்ததால்தான் கூடியது என்று இதைக்கொண்டு அறுதியிட முடியாது. பழித்ததால் குறைந்தது என்று சொல்ல இதில் எந்த இடமும் இல்லை என்பது மட்டும் உறுதி.

சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில் எதையும் மறைக்க முடியாது. விடியற்காலையில் பருத்த உடலோடு முதன்முதலாக நடக்கப் புறப்படும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு அந்தத் தெருவே முதல் தடை. எந்தத் திண்ணையிலிருந்து யார் பார்க்கிறார்கள் என்பதை அவர் எண்ணாமல் இருக்க முடியாது. ஆனால் அதே தெருவில்தான் அவர் ஒரு நாள் வராவிட்டால் ‘என்ன, காணோமே’ என்று கேட்க ஆளும் இருக்கிறது. நகரின் புறத்தே எழும் அடுக்குமாடிகளில் இந்த வசதி இல்லை. ஆகவே தனியாகத் தொடங்காமல் இருவர் மூவராகத் தொடங்குவது அறிவுடைமை. கோட்டை வரை நடந்து திரும்புவதற்கு உடற்பயிற்சிக் கூடத்தின் சந்தா வேண்டியதில்லை. வீட்டாரிடம் இதைப் பற்றி எப்படிப் பேச வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடலாம்: உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், ‘இன்னிக்கு நடந்தாச்சா?’ என்று மட்டும் கேளுங்கள். உடலைப் பாராட்டினால், எடை திரும்பும் நாளில் அப்பாராட்டே வடுவாகும். செயலைக் கேட்டால் மறுநாளே திருத்திக்கொள்ளலாம். இலக்கையும் முப்பது கிலோ என்று வைக்க வேண்டியதில்லை. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு வைத்த இலக்கு உடல் எடையில் 7 விழுக்காடு, வாரத்திற்கு 150 நிமிட உழைப்பு. அங்கே நீரிழிவு 58 விழுக்காடு குறைந்தது. 95 கிலோ உடையவருக்கு 7 விழுக்காடு என்பது ஏழு கிலோவுக்கும் குறைவு. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்வது கட்டாயம்.

2025-இல் எடைக் குறைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்தபின் இத்தகைய பேச்செல்லாம் பழங்கதை என்று நினைப்போர் இருக்கிறார்கள். ஊசி சிலருக்கு மிகத் தேவையானது. அதை இழிவாகப் பேசுவதும் பழித்தலின் இன்னொரு வடிவமே. எனினும் அவை வந்தபோது அவற்றின் விலை வலியசாலையின் ஓய்வூதியக் குடும்பங்களுக்கு எட்டுவதாக இல்லை.

பல்கலைக்கழகங்களும் இதில் வெளியாள்கள் அல்ல. ஆய்வேடு எழுதும் ஆண்டுகளில் நாற்காலியும் நள்ளிரவுத் தேநீரும் சேர்ந்து எடையைக் கூட்டுவதைத் துறையில் எல்லோரும் அறிவர். அதை நேராகக் கேட்கும் நெறியாளர் அரியர். கேலியாகக் கேட்கும் நண்பர்கள் நிறைய. மாலையில் நூலகத்தைச் சுற்றி நடந்துகொண்டே ஆய்வைப் பேச நான்கு மாணவர் முடிவு செய்தால் அதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் தேவையில்லை.

கடினமான காலம் தொடக்கமன்று, அதன்பின் வருவது. எடை குறைந்த உடல் பசியைக் கூட்டித் தன்னைப் பழைய நிலைக்கு இழுக்கும். 50 பேரை வைத்து மெல்பேர்னில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, பசியைத் தூண்டும் ஹார்மோன் மாற்றங்கள் ஓராண்டு கழிந்தும் நீடிப்பதைக் காட்டியது. பசி உள்ளிருந்து இழுக்கும் அதே வாரங்களில்தான் முகம் ஒட்டி, இரவிக்கை தளர்ந்து, ‘க்ஷீணிச்சுப் போயிட்டேளே’ வெளியிலிருந்து வந்து சேரும். ஒரு டம்ளர் பாயசத்தோடு வரும். அப்போது தனியாக இருப்பவர் குடித்துவிடுவார்.

கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் நகர வார்டுகளிலும் இயங்குகின்றன. பத்து முதல் இருபது பெண்கள் தவறாமல் கூடுகிறார்கள். சேமிப்பையும் கடனையும் ஏட்டில் எழுதுகிறார்கள். நெய்யாற்றின்கரையில் ஆய்வுக்காகப் புதிதாகக் குழுக்களைக் கட்ட வேண்டியிருந்தது. இங்கே குழு முன்பே இருக்கிறது. அந்த வாரம் யார் யார் எத்தனை நாள் நடந்தார்கள் என்று அதே ஏட்டில் ஒரு பத்தியைச் சேர்க்க ஒரு கோடு போட்டால் போதும். எடைக்கான பத்தி வேண்டாம்.