டீசல் குடிப்பது வண்டியா, வலது காலா?

சகோதரிகளே! 2022 ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபா விற்றதை மறந்திருக்க மாட்டீர்கள். இறக்காமத்தில் கெப் வாகனத்தை நம்பி உலையேற்றும் வீடுகளும் உண்டு. அன்று வரிசையில் நின்று வாங்கியதைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்து ஓட்டியவர்கள்தாம் இன்று அம்பாறை வீதியில் பறக்கிறார்கள்!

வேகம் 80 கிலோமீற்றரிலிருந்து 100 ஆனால், காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலாகிவிடும். கெப்பின் முகமோ சுவர் போன்றது. சீறிப் புறப்பட்டுச் சடாரென்று பிரேக் போட்டால், எரித்த டீசலின் பலன் பிரேக்கின் சூடாய்ப் போய்விடும். முன்னால் மாடு நிற்பதைத் தூரத்திலேயே கண்டு, கியரை மாற்றாமல் காலை எடுத்தால் போதும். புதிய ரக எஞ்சின்கள் அந்நேரம் டீசலையே எடுப்பதில்லை. இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதைச் சிலர் சிக்கனம் என்கிறார்கள். அப்போதும் எஞ்சின் டீசல் குடிக்கும். அதன் பிடியும் இராது, பிரேக் மட்டுமே துணை.

வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, நீங்கள் உடுத்து வரும்வரை காத்திருக்கிறாரே, அதுவும் வீண்விரயம்தான். (கோபிக்காதீர்கள்!)

வீட்டுக் கணக்குக் கொப்பியில் அரிசிக்குப் பக்கத்தில் டீசலையும் எழுதுங்கள். ஒரு முறை நிரப்பியதிலிருந்து மறுமுறை நிரப்பும்வரை ஓடிய கிலோமீற்றரை, மறுமுறை பிடித்த லீற்றரால் வகுத்துப் பாருங்கள். இரண்டு முறையும் டேங்க் முழுதாக நிரம்பியிருக்க வேண்டும்.