ஆறுதலுக்கு லைசென்ஸா?

"நாலு நல்ல வார்த்தை சொல்வதற்கும் சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டுமா?" என்று நண்பர் ஒருவர் என் மேல் சீறி விழுந்தார்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் 'கிளினிக்கல் பாஸ்டரல் தெரபிஸ்ட்' என்று ஒரு தொழில் உண்டு. சமய ஞானத்தோடு மனோதத்துவப் பயிற்சியும் பெற்று, மனம் நொந்தவர்களுக்குச் சிகிச்சை செய்கிறவர் அவர். அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள உயர்பட்டம் வேண்டும். அனுபவசாலிகளின் மேற்பார்வையில் பழகியிருக்க வேண்டும். மாநில வாரியத்தின் லைசென்ஸும் வேண்டும். இதைச் சொல்லப்போய்த்தான் நண்பருக்கு அவ்வளவு கோபம்.

நண்பரின் கட்சிக்குப் பலம் இல்லாமலில்லை. கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றமே அவர் பக்கம் நிற்கிறது. 1979-இல் அங்கே 24 வயது இளைஞன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான். அதற்குச் சில வாரங்கள் முன்பே ஒரு தடவை முயன்று பிழைத்தவன். ஆஸ்பத்திரியில் தன்னைப் பார்க்க வந்த பாதிரிமாரிடம், சாகாமல் போய்விட்டோமே என்று வருந்தியிருக்கிறான். டாக்டர்களுக்குத் தெரிந்துதானிருக்கும் என்று எண்ணி, அவர்கள் அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். லைசென்ஸ் பெறாத பாதிரிமாருக்கு அப்படியொரு சட்டக் கடமை கிடையாது என்று 1988-இல் தீர்ப்பாயிற்று. சமயம் சார்ந்த ஆலோசகரின் தகுதியை எடைபோட மதச்சார்பற்ற சர்க்காரால் முடியாது. அதனால்தான் சட்டசபை அவர்களுக்கு லைசென்ஸிலிருந்து விலக்கு அளித்தது என்பது நீதிமன்றத்தின் கருத்து.

முடியாதாம்! பக்தியை எடைபோட முடியாதுதான். யார் போடச் சொன்னார்கள்? சாகத் துணிந்தவனின் பேச்சை அடையாளம் காணத் தெரியுமா, கண்டால் யாரிடம் ஓட வேண்டும் என்று தெரியுமா? இதைச் சோதித்துப் பார்க்க எந்த வேதமும் குறுக்கே நிற்கவில்லையே!

இந்தப் பயிற்சிக்கு வழிகாட்டியவரே ஒரு பாதிரியார்தான். ஆன்டன் பாய்சன் என்பவர் 1920-இல் தாமே சித்தம் கலங்கி ஆஸ்பத்திரியில் அடைபட்டுக் கிடந்தார். தெளிந்து வெளியே வந்து, 1924-இல் மாஸசூஸெட்ஸில் உள்ள வூஸ்டர் மனநோய் ஆஸ்பத்திரியில் பாதிரியாரானார். மறு வருஷமே சமயக் கல்லூரி மாணவர்களை அழைத்து வந்து நோயாளிகளிடையே பழக்கினார். பட்டறிந்தவர் அவர். இரக்கம் மட்டும் போதும் என்றிருந்தால் அவர் ஏன் அவ்வளவு பாடுபட வேண்டும்?

லைசென்ஸ் வாங்கியவரெல்லாம் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், அவர் தவறினால் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது. அந்தப் பெற்றோர் தட்டிய கதவு திறக்கவில்லை.

ஆலயத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறவரை நானும் கும்பிடுகிறேன். அதையே ஒரு பணியாக மேற்கொண்டு, 'ஆலோசனை' என்று பலகை மாட்டுகிறவரிடம்தான் அத்தாட்சி கேட்கிறேன். டாக்ஸி ஓட்டுகிறவனிடம் லைசென்ஸ் கேட்கிற நாம், சாவின் விளிம்பில் நிற்கும் பிள்ளையை ஒப்படைக்கும்போது மட்டும், "நல்ல மனிதர், அது போதும்" என்று திரும்பி வந்துவிடலாமா?