மதநடுநிலை என்ற சாக்கு

பிரிட்டிஷ் இந்திய அரசு ஹஜ் கப்பல்களுக்குத் தனிமைப்படுத்தல் கூடாது என்று பல ஆண்டுகள் வாதாடியதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. காலரா ஆளுக்கு ஆள் பரவாது என்று அதன் மருத்துவ அதிகாரிகள் நம்பினார்களாம். 1858-ல் விக்டோரியா ராணியின் பிரகடனம் தந்த வாக்கை மதித்து, மத யாத்திரையில் கைவைக்க அரசு தயங்கியதாம்.

முதலில் அந்த நம்பிக்கை. 1865-ல் மெக்காவில் பரவிய காலரா எகிப்து வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. மறு ஆண்டு கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சர்வதேச மாநாடு, நோயின் பிறப்பிடம் இந்தியா, அதைச் சுமந்து செல்வது மனிதர்கள் என்று முடிவு செய்தது. 1867-ல் ஹரித்வார் கும்பமேளாவுக்குப் பின் காலரா பரவியபோது, திரும்பி வந்த யாத்ரீகர்களைப் படை முகாம்களின் பக்கம் நெருங்கவிடாமல் தடுத்தது இதே நிர்வாகம்தான். சிப்பாய்க்குத் தொற்றும் நோய், கப்பலில் ஏறியதும் தொற்றாததாகிவிடுமா? பிறகு காலரா தொற்றாது என்று மருத்துவக் கருத்தே மாறிவிட்டது என்று சொல்லலாம். மாறியது உண்மைதான், ஆனால் 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து, அதில் செல்லும் கப்பல்களில் பெரும்பான்மை பிரிட்டனுடையதாகிவிட்ட காலத்தில்தான் அந்த மாற்றம் உறுதிப்பட்டது. அங்கே ஒரு கப்பல் நாள்கணக்கில் நின்றால் நட்டம் யாருக்கு என்று விளக்க வேண்டியதில்லை. 1884-ல் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை அடையாளம் காட்டிய பின்னும், அரசின் சுகாதார ஆணையர் ஜே. எம். கன்னிங்ஹாம் அசையவில்லை. ஊரின் அசுத்தமே காரணம் என்றார். தனிப்பட்ட முறையில் அவர் அதை மனதார நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கைக்கு மட்டும் அரசாங்கத்தில் ஏன் அவ்வளவு செல்வாக்கு என்பதுதான் கேள்வி.

யாத்ரீகர் நலனில் அரசு அக்கறை காட்டியதற்குச் சான்றாக, 1886-ல் தாமஸ் குக் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தைக் காட்டுவார்கள். பம்பாய்த் தரகர்களின் பிடியிலிருந்து ஹஜ் பயணிகளை விடுவிக்க, அந்த நிறுவனம் அதிகாரபூர்வ முகவராக்கப்பட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் அது பயணச்சீட்டு ஏற்பாடு, சுகாதார ஏற்பாடல்ல; பத்து ஆண்டுகூட நீடிக்கவில்லை. குக்கின் சீட்டோடு போனவரும் செங்கடலில் உதுமானியர் நடத்திய கமரான் தீவுத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் அடைபட்டார். அதற்கான கட்டணத்தையும் அவரே கட்டினார். கமரான் கொடுமையான இடம் என்ற பிரிட்டிஷ் புகார் பொய்யல்ல. இந்தியத் துறைமுகங்களிலேயே பிறர் நம்பும்படி கடுமையான சோதனை நடந்திருந்தால் அந்தப் புகாருக்கு வலு கூடியிருக்கும். ஹஜ் கப்பல்களுக்கென்றே தனியான யாத்ரீகர் கப்பல் சட்டம் 1895-ல்தான் வந்தது. அதுவும் மெக்கா யாத்திரை குறித்து 1894-ல் பாரீஸில் மாநாடு நடந்த பிறகு.

மதநடுநிலை என்ற வாதம் 1897-ஐத் தாண்டி நிற்காது. முந்தைய செப்டம்பரில் பம்பாயில் பிளேக் வெளிப்பட்டிருந்தது. ஐரோப்பிய நாடுகள் இந்தியச் சரக்கை ஏற்க மறுக்கத் தொடங்கின. பிப்ரவரியில் வெனிஸில் மாநாடு கூடியது. அதே மாதம் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. கப்பல்களைச் சோதிக்கவும் அவற்றில் செல்பவர்களை நிறுத்திவைக்கவும் அது அதிகாரம் தந்தது. அவ்வாண்டு ஹஜ் பயணமும் தடைசெய்யப்பட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பின் முஸ்லிம்களின் கோபத்துக்கு அரசு அஞ்சியது உண்மை என்பார்கள், ஏற்கலாம். அந்த அச்சம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹஜ் கப்பலைத் தடுக்க விடவில்லை என்றால், பருத்தியும் தோலும் ஐரோப்பியத் துறைமுகங்களில் திருப்பி அனுப்பப்படும் நிலை வந்ததும் சில வாரங்களில் எப்படி அடங்கியது என்பதற்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.